வில்லுக்கு மரம் தேர்வது எப்படி?

நாணை முழுவதும் இழுத்துப் பிடித்திருக்கும் வேளையில், வில்லின் இரு பக்கங்களும் ஒன்றுக்கொன்று நேர்மாறான விசைகளைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. இலக்கை நோக்கியிருக்கும் வெளிப்பக்கம், அதாவது வில்லின் முதுகு, இழுபட்டு நீள்கிறது. எய்பவரை நோக்கியிருக்கும் உட்பக்கம், அதாவது வயிறு, அமுக்கப்பட்டுக் குறுகுகிறது. இரண்டுக்கும் நடுவே நீளாமலும் குறுகாமலும் ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. ஆகவே அம்பைச் செலுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி மரத்தின் உள்ளே அன்றி, இரு மேற்பரப்புகளை ஒட்டிய சில மில்லிமீட்டர் தடிப்பிலேயே சேமிக்கப்படுகிறது. நல்ல வில்லில் அந்த மேற்பரப்பு தன் நீளத்தில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு வரை நீளவும் குறுகவும் வேண்டியிருக்கிறது. வீட்டின் உத்தரத்தையோ மேசையின் காலையோ எந்தத் தச்சரும் இந்த எல்லைக்கு அருகில்கூடக் கொண்டுசெல்வதில்லை. கதவுச் சட்டத்தில் கண்ணுக்கே படாத ஒரு குறை வில்லை இரண்டாக முறித்துவிடுவதற்குக் காரணம் இதுவே.

வில்லுக்கு மிக வலிமையான, மிகக் கடினமான மரம்தான் ஏற்றது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் வலிமை மட்டும் போதாது. விறைப்பு மிகுந்த மரம் சிறிதளவு வளைந்தவுடனேயே தன் தாங்கும் எல்லையைத் தொட்டுவிடுகிறது. உடையாமல் வெகுவாக வளைந்து, விட்டவுடன் பழைய வடிவுக்குத் திரும்புகிற மரமே வில்லுக்கு வேண்டும். அது எடை குறைந்ததாகவும் இருந்தால் இன்னும் நல்லது. ஏனெனில் நாணை விட்டதும் வில்லின் கைகளும், அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளும், முன்னோக்கிப் பாய்கின்றன, அவற்றின் எடை கூடக் கூட அம்புக்குச் சேர வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு வில்லிலேயே தங்கிவிடுகிறது.

பொதுவாக மரங்கள் இழுவிசையைத் தாங்கும் அளவுக்கு அமுக்கவிசையைத் தாங்குவதில்லை. அதனால் பெரும்பாலான வில்களில் முதலில் தளர்வது வயிறுதான். அங்கே நார்கள் மடிந்து, குறுக்கே மயிரிழை போன்ற சுருக்கக் கோடுகள் தோன்றுகின்றன. நாணைக் கழற்றிய பிறகும் வில் நிமிராமல் சற்று வளைந்தே நிற்கிறது. முதுகு தளர்ந்தாலோ இத்தகைய முன்னறிவிப்பு இல்லை. ஒரு சிராய் எழும்பும், அடுத்த கணம் வில் முறிந்துவிடும். வில்லின் விறைப்பு அகலத்துக்கு நேர் விகிதத்திலும், தடிப்பின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பவும் கூடுகிறது: தடிப்பை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். எனவே அமுக்கத்தைத் தாங்காத மரத்தை அகலமாகவும் மெல்லியதாகவும் செதுக்கி, அதே விறைப்பைக் குறைந்த நெருக்கடியில் பெறலாம். டென்மார்க்கின் ஹோல்மேகார்ட் சதுப்பு நிலத்தில் 1944இல் கிடைத்த, ஏறத்தாழ 9,000 ஆண்டுகள் பழமையான எல்ம் மர வில்களின் கைகள் பட்டையாக, அகலமாக இருப்பது இந்த அறிவின் சான்றாகவே எனக்குத் தோன்றுகிறது.

யூ (yew) என்னும் ஊசியிலை மரம் இதற்கு மாறானது. அதன் உட்புறத்துச் செந்நிற வைரக்கட்டை அமுக்கத்தை மிக நன்றாகத் தாங்குகிறது. வெளிப்புறத்து வெளிர்நிறச் சாற்றுக்கட்டை இழுவிசைக்கு இசைந்து நீள்கிறது. இரண்டும் சேரும் எல்லையில் ஒரு பலகையைப் பிளந்தெடுத்தால், சாற்றுக்கட்டை முதுகாகவும் வைரக்கட்டை வயிறாகவும் அமைந்துவிடுகின்றன. மனிதர் ஒட்டிச் சேர்க்க வேண்டியதை மரம் வளரும்போதே செய்துவைத்திருக்கிறது. 1545இல் மூழ்கிய ஆங்கிலேயப் போர்க்கப்பலான மேரி ரோஸிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட யூ வில்கள் மீட்கப்பட்டன. அவை குறுகலாகவும் தடித்தும், ஆளுயரத்தை விஞ்சியும் இருந்தன. தரமான யூ மரம் உள்நாட்டில் போதாமற் போனதால், இங்கிலாந்துத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் வில் செய்வதற்கான நான்கு மரத்துண்டுகள் கொண்டுவர வேண்டும் என்று 1472இல் சட்டமே இயற்றப்பட்டது.

ஆனாலும் மரத்தின் இனத்துக்குக் கொடுக்கப்படும் முக்கியத்துவம் அளவுக்கு மீறியது என்பதே என் கருத்து. முறுக்கி வளர்ந்த யூ மரத்தைவிட, நேராக வளர்ந்த சாதாரண ஆஷ் மரம் நம்பத்தக்கது. ஒரு குறிப்பிட்ட மரம் எப்படி வளர்ந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அதற்கான சான்று ஆண்டு வளையங்களில் இருக்கிறது.

ஆஷ், எல்ம், ஹிக்கரி, ஓசேஜ் ஆரஞ்சு போன்ற மரங்கள் ஒவ்வோர் ஆண்டும் வசந்த காலத்தில் பெரிய நுண்குழாய்கள் நிறைந்த, பஞ்சு போன்ற கட்டையையும், கோடையில் நெருக்கமான, கனமான கட்டையையும் உருவாக்குகின்றன. துளைகள் நிறைந்த முதற்பகுதியின் தடிப்பு ஆண்டுக்கு ஆண்டு அதிகம் மாறுவதில்லை. ஆகவே மரம் வேகமாக வளர்ந்த ஆண்டுகளில் கூடுவது பெரும்பாலும் கனமான பகுதியே. இம்மரங்களில் அகன்ற வளையங்கள் நல்ல அறிகுறி. மெல்லிய வளையங்கள் நெருங்கி அடுக்கியிருந்தால் அந்தக் கட்டை துளைகள் மலிந்தது என்று பொருள். ஊசியிலை மரங்களில் நிலைமை தலைகீழானது. அங்கே வேகமான வளர்ச்சி இலேசான கட்டையையே கூட்டுகிறது. அதனால்தான் யூ மரத்தில், குளிர் மிகுந்த மலைச்சரிவில் மெல்ல வளர்ந்த, நுண்ணிய வளையங்கள் கொண்ட அடிமரத்தைத் தேடினார்கள். இந்த வேறுபாட்டை அறியாமல், எல்லா மரத்துக்கும் மெல்லிய வளையமே சிறந்தது என்று சொல்வது பெரும் பிழையாக முடியும்.

வில்லின் முதுகில் இந்த வளையங்கள் இன்னொரு வேலையும் வாங்குகின்றன. முதுகு முழுவதும், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, ஒரே ஆண்டின் வளையமாக இருக்க வேண்டும். உளி சற்றுத் தவறி அடுத்த வளையத்துக்குள் இறங்கினால், அந்த இடத்தில் நார்களின் தொடர்ச்சி அறுபட்டுவிடும். இழுவிசை அங்கே சிராயைக் கிளப்பும். ஹிக்கரி, எல்ம் போன்றவற்றை மரம் துளிர்த்து வளரும் பருவத்தில் வெட்டினால் பட்டை எளிதாக உரிந்துவிடும், அதன் அடியில் உள்ள பரப்பை உளி படாமல் அப்படியே முதுகாக வைத்துக்கொள்ளலாம்.

நிற்கும் மரத்தைப் பார்க்கும்போது பட்டையின் வெடிப்புகளைக் கவனிக்க வேண்டும். அவை நேர்செங்குத்தாக ஓடினால் உள்ளே நார் ஓட்டமும் பெரும்பாலும் நேராகவே இருக்கும். அடிமரத்தைச் சுற்றி ஏறினால் உள்ளேயும் முறுக்கு இருக்கும். சாய்ந்து வளர்ந்த மரத்தைத் தவிர்ப்பது நல்லது. சாய்வை நிமிர்த்துவதற்காக ஊசியிலை மரங்கள் அடிப்பக்கத்திலும், அகன்ற இலை மரங்கள் மேற்பக்கத்திலும் இயல்புக்கு மாறான கட்டையை உருவாக்குகின்றன. அது காயும்போது கோணலாகச் சுருங்கும். கணுக்களைச் சுற்றி நார்கள் விலகி ஓடுவதால், இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கிளையே இல்லாத அடிமரம் கிடைத்தால் அது பெரும் பேறு. தடிப்பான அடிமரத்திலிருந்து எடுத்த முதுகு ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். மெல்லிய கொம்பிலிருந்து எடுத்ததோ கூரை முகடு போல உயர்ந்து, இழுவிசை முழுவதையும் அந்த ஒரு கோட்டில் குவித்துவிடும்.

வட அமெரிக்காவில் நெவாடாப் பகுதியின் தொல்குடியினர் மரத்தை வெட்டி வீழ்த்தாமலேயே நேரான வில் மரத்தைப் பெற்றார்கள். நேராக வளர்ந்த ஜூனிபர் மரத்தில், வேண்டிய நீளத்துக்கு மேலும் கீழும் வெட்டு இட்டு, அந்தப் பகுதியை நின்ற மரத்திலேயே உலரவிட்டு, பிறகு பெயர்த்தெடுத்தார்கள். காலப்போக்கில் காயம் மூடி அங்கே நேரான புதுக்கட்டை வளர்ந்தபோது, மீண்டும் அதே இடத்தில் வில் மரம் எடுத்தார்கள். அத்தகைய வடுக்கள் கொண்ட மரங்கள் இன்றும் அங்கே நிற்கின்றன.

வெட்டிய அடிமரத்தை அறுப்பதைவிட ஆப்பு வைத்துப் பிளப்பதே முறை. ரம்பம் நேர்கோட்டில் போகும், நார் எங்கே திரும்பினாலும் அதை வெட்டிக்கொண்டு போகும். பிளவோ நார் ஓட்டத்தைப் பின்பற்றியே ஓடும். முறுக்கு மறைந்திருந்தால் முதல் பிளவிலேயே வெளிப்பட்டுவிடும்.

எஞ்சியிருப்பது உலர்த்துவது. மரம் உலரும்போது வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. முழு உருளையாக விட்டால் ஆழமாக வெடிப்பது இதனால்தான். பிளந்த துண்டுகளின் இரு முனைகளிலும், பட்டை உரித்திருந்தால் முதுகிலும், மெழுகோ பசையோ வண்ணமோ பூசி ஈரம் மெல்ல வெளியேறச் செய்ய வேண்டும். ஈரம் மரத்தின் உலர் எடையில் 8 முதல் 10 விழுக்காடு வரை இறங்கும்போது அது வில்லுக்கு ஏற்ற நிலையை அடைகிறது. அதற்கு மேல் ஈரம் இருந்தால் வயிறு நசுங்கி வில் வளைந்தே நிற்கும். மிகவும் உலர்ந்துபோனால் முதுகு நொறுங்கும். ஈரமானி இல்லாதவர்கள் துண்டை அவ்வப்போது நிறுத்துப் பார்த்து, பல வாரங்களாக எடை மாறாமல் நின்ற பிறகு செதுக்கத் தொடங்கலாம்.