புட் ஆஃப் என்றால் ரத்து இல்லை

வேலை தேடுகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். ஒருநாள் ஒரு மாணவர் வாடிய முகத்தோடு வகுப்புக்கு வந்தார். "இன்டர்வியூ கேன்சல் ஆயிடுச்சு சார், பத்து நாள் ஆச்சு" என்றார். மின்னஞ்சலைக் காட்டச் சொன்னேன். 'யுவர் இன்டர்வியூ ஹாஸ் பீன் புட் ஆஃப்' என்றுதான் அதில் இருந்தது. அதற்குப் பிறகு, புதிய தேதியைச் சொல்லி இன்னொரு மின்னஞ்சலும் வந்திருந்தது. அவர் அதைத் திறக்கவே இல்லை. அந்தத் தேதி முந்தின நாள்தான். அன்றைக்கே வருத்தம் தெரிவித்து எழுதினோம். இடம் நிரம்பிவிட்டது என்று பதில் வந்தது.

அவர் அக்கறை இல்லாதவர் அல்ல. ஃபேனை ஆஃப் பண்ணு, லைட்டை ஆஃப் பண்ணு என்று தினமும் பேசுகிறவர்களுக்கு, ஆஃப் என்றாலே நின்றுபோனது, முடிந்துபோனது என்றுதான் காதில் விழும். ரத்து என்பதற்கு ஆங்கிலத்தில் கால் ஆஃப் என்று தனியாக ஒன்று இருக்கிறது. புட் ஆஃப்பில் வரும் ஆஃப்புக்கு 'அப்பால், விலக்கி' என்ற பொருள்தான். புட் என்றால் போடு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: தள்ளிப்போடு! நம் வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல்தான் அது. போஸ்ட்போன் என்ற சொல்லும் 'பின்னால் வை' என்று பொருள்தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இப்படி இரண்டு சொல் ஒட்டிக்கொண்டு புதுப் பொருள் தருவது நமக்குப் புதிதா என்ன? விட்டுக்கொடு என்பதை விடு, கொடு என்று பிரித்துப் பார்த்தால் பொருள் சிதறிவிடும். அதனால்தான் புட் ஆஃப், கால் ஆஃப் மாதிரி சொற்கள் ஒட்டிவரும் வினையான ஃப்ரேசல் வெர்ப்பையும் ஒரே சொல்லாகப் படியுங்கள் என்கிறேன்.

புட் ஆஃப்புக்கு வேறு பொருள்களும் உண்டு. எதைத் தள்ளுகிறோம், யாரைத் தள்ளுகிறோம் என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். கூட்டம், பயணம், பரிசோதனை என்றால் ஒத்திவைப்பது. ஆளைத் தள்ளினால் கதை வேறு. 'தி ஸ்மெல் புட் மி ஆஃப்' என்றால், அந்த நாற்றத்தில் எனக்குச் சாப்பிடவே பிடிக்காமல் போய்விட்டது. 'ஐ வாஸ் புட் ஆஃப் பை ஹிஸ் டோன்' என்பதை, அவர் குரலால் நான் ஒத்திவைக்கப்பட்டேன் என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். அவர் பேசிய தோரணையே எனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். பாடும்போது பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தால் 'யூ ஆர் புட்டிங் மி ஆஃப்' என்பார்கள். கவனம் கலைகிறது என்று அர்த்தம். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும்போதெல்லாம் சாக்குச் சொல்கிறவரைப் பற்றி 'ஹீ கீப்ஸ் புட்டிங் மி ஆஃப்' என்று சொல்லலாம்.

இலக்கணத்தில் இரண்டு இடங்களில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். இட் நடுவில் வர வேண்டும்: புட் இட் ஆஃப். 'புட் ஆஃப் இட்' தவறு. அதேபோல 'புட் ஆஃப் கோயிங்' சரி, 'புட் ஆஃப் டு கோ' தவறு. அப்புறம், வேகமாகப் பேசும்போது மூன்று சொல்லும் ஒட்டிப் 'புட்டிடாஃப்' என்றுதான் கேட்கும். எழுத்தில் தெரிந்த பலருக்குக் காதில் பிடிபடாமல் போவது இதனால்தான். வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பாருங்கள், காது பழகிவிடும்.

டாக்டர் 'டோன்ட் புட் இட் ஆஃப்' என்றால் நாள் கடத்தாதீர்கள் என்கிறார். அதைப் பரிசோதனையே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது.

உங்களுக்குப் புட் ஆஃப் என்று எழுதி வந்தால், உடனே 'அன்டில் வென்?', அதாவது எப்போது வரை என்று பதில் எழுதிக் கேளுங்கள். கால் ஆஃப்புக்கு அந்தக் கேள்வியே கிடையாது. புட் ஆஃப் என்றால் இன்னொரு தேதி வர வேண்டியிருக்கிறது.