'பிரைம் டைம்' பேக்கேஜில் கையெழுத்துப் போடும் முன்

காரைக்குடியில் விளம்பர ஏஜென்சி நடத்துகிறேன். ஆடித் தள்ளுபடி நெருங்கினால் கடைக்காரர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பிரைம் டைம்ல போட்டுருங்க தம்பி." சரி, அதில் எந்த நேரம்?

தமிழ்ச் சேனல்களில் மாலை ஆறு மணியிலிருந்து இரவு பத்தரை வரை எல்லாமே அந்தப் பெயரில்தான் விற்கிறது. எட்டு மணி சீரியலின் இடைவேளையில் வரும் 10 செகண்டும், பத்தே காலுக்கு வரும் 10 செகண்டும் ஒன்றா என்ன? மலிவான பேக்கேஜ் எடுத்தால், அந்த நாலரை மணி நேரத்துக்குள் உங்கள் ஸ்பாட்டை, அதாவது விளம்பரத்தை, எங்கே வைப்பது என்பது சேனலின் இஷ்டம். பெரும்பாலும் ஓரத்துக்குத்தான் போகும். இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஆர்.ஓ.விலேயே (ரிலீஸ் ஆர்டர், விளம்பரத்துக்கு நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் ஆர்டர்) எழுதியிருக்கும், படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்போம். நிகழ்ச்சியின் பெயரையும் நேரத்தையும் அதில் எழுதச் சொல்லுங்கள். ஒளிபரப்பான பிறகு டெலிகாஸ்ட் சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள். எந்தத் தேதி, எந்த நிமிடம் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

அப்புறம் டிஆர்பி, அதாவது ஒரு நிகழ்ச்சியை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு. அதை எடுக்கும் பார்க் (BARC) அமைப்பு நாடு முழுக்க 50,000-க்கு மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறது. சேனலின் ஒலியில் காதுக்குக் கேட்காத குறியீடு கலந்திருக்கும். மீட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். சனி முதல் வெள்ளி வரையிலான கணக்கு அடுத்த வியாழனன்று வெளியாகும். நமக்குக் காட்டுவது தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் சேர்ந்த எண். பக்கத்து ஊர்களான பள்ளத்தூரிலும் புதுவயலிலும் எத்தனை வீட்டில் அந்த சீரியல் ஓடுகிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கண்டாங்கிச் சேலையையோ ஆத்தங்குடிக் கல்லையோ ஊர் ஊராக அனுப்புகிறவருக்கு சாட்டிலைட் சேனல் பொருந்தலாம். காரைக்குடி கல்லுக்கட்டிப் பகுதியில் இருக்கும் மளிகைக்கடை எதற்காக ஓசூர்க்காரருக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும்? உள்ளூர் கேபிள் போதும்.

அதிலும் நம் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. செட்டியார்களின் பெரிய வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கும். படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம் என்று அந்த வீட்டு ஆச்சிமார் ஊருக்கு வரும் நாட்களில் வீடு நிறையும். ஆனால் அந்தச் சாயங்காலங்களில் டிவி முன்னால் உட்கார யாருக்கு நேரம்?

ரேடியோவின் கணக்கே வேறு. காலை ஏழு முதல் பத்து, மாலை ஐந்து முதல் எட்டு, அதாவது ஜனங்கள் வண்டியில் போய்வரும் நேரம்தான் அதன் உச்சம். எட்டுக்கு மேல் கேட்பவர்களை டிவி இழுத்துக்கொள்ளும். இரவு எட்டரை மணி ரேடியோ ஸ்பாட்டை பிரைம் விலைக்கு விற்க வந்தால் வாங்காதீர்கள். இன்னொன்று, மதுரையும் திருச்சியும் இங்கிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அந்த எஃப்எம் உங்கள் கடைவாசலில் கரகரப்பில்லாமல் எடுக்கிறதா என்று ஒரு சாயங்காலம் ரேடியோவைத் திருப்பிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.