ஒரு துளியில் ஐந்தில் ஒரு பங்கு: மண்ணின் கரிமத்தை நாடுகள் எப்படி அளக்கின்றன?

ஒரே வயலில் எடுத்து, நன்றாகக் கலந்து, இரண்டு பைகளில் பிரித்துக் கொடுத்த மண். ஓர் ஆய்வகம் அங்ககக் கரிமம் (மட்கிய உயிரின எச்சங்களில் இருக்கும் கரிமம்) 0.47 சதவீதம் என்கிறது, இன்னொன்று 0.61 என்கிறது. இந்திய மண்வள அட்டையின் கணக்குப்படி 0.5-க்குக் கீழே இருந்தால் ‘குறைவு’, 0.5 முதல் 0.75 வரை ‘நடுத்தரம்’. அங்ககக் கரிமத்தை வைத்தே தழைச்சத்தைக் கணிக்கும் ஆய்வகங்களில் யூரியா பரிந்துரையும் இதனால் மாறிவிடும். எந்தத் தாளை நம்புவது என்று விவசாயிகள் கேட்பது நியாயமான கேள்வி.

இதே கேள்வியோடுதான் நாடுகளும் நிற்கின்றன. ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் கீழ் 2012-இல் உலக மண் கூட்டாண்மை தொடங்கப்பட்டது. 2016 டிசம்பரில் நிலைத்த மண் மேலாண்மைக்கான தன்னார்வ வழிகாட்டு நெறிகளை அந்த அமைப்பின் மன்றம் ஏற்றது. 2017 டிசம்பர் 5, உலக மண் நாளன்று, நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் பங்களிப்போடு உலக மண் கரிம வரைபடம் வெளியானது. ஒவ்வொரு நாடும் தன் மண்ணைத் தானே அளந்து, பொதுவான கையேட்டின்படி கணக்கிட்டுக் கொடுத்தது. மேல் 30 செ.மீ. மண்ணில் மட்டும் சுமார் 680 பில்லியன் டன் கரிமம் இருப்பதாக வரைபடம் சொல்கிறது. அந்தக் கூட்டுத்தொகைக்குள் எத்தனையோ ஆய்வகங்களின் 0.47-களும் 0.61-களும் கலந்திருக்கின்றன. அவற்றை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவதற்காகவே 2017-இல் குளோசோலான் என்ற உலக மண் ஆய்வக வலையமைப்பு உருவானது. அது முதலில் கையில் எடுத்த முறைகளுள் ஒன்று, 1934-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் வாக்லி, பிளாக் என்ற இருவர் வெளியிட்டது. இந்தியா உட்பட வளரும் நாடுகளின் பெரும்பாலான மண் ஆய்வகங்களில் இன்றும் அதுவே நடப்பில் இருக்கிறது.

செய்முறை எளிது. நிழலில் உலர்த்திய மண்ணைக் கல்வத்தில் அரைத்து, 0.5 மி.மீ. சல்லடையில் சலித்து, 1 கிராம் எடுத்துக் கூம்புக் குடுவையில் போட வேண்டும். 1 நார்மல் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல் 10 மி.லி. சேர்க்க வேண்டும். லிட்டருக்கு 49.04 கிராம் உப்பு கரைத்தது அது. பிறகு 20 மி.லி. அடர் கந்தக அமிலத்தை ஒரே வீச்சில் ஊற்றிச் சுழற்றி, 30 நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும்.

இந்த முறையின் அழகெல்லாம் அந்த 30 நிமிடத்தில்தான் இருக்கிறது. குடுவைக்கு அடியில் அடுப்பு கிடையாது. அடர் கந்தக அமிலம் தண்ணீரைச் சந்தித்ததும் எழும் வெப்பமே கரைசலை 120 டிகிரி செல்சியஸ் அருகே கொண்டுபோகிறது. அந்தச் சூட்டில் டைகுரோமேட் மண்ணின் கரிமத்தை ஆக்சிஜனேற்றம் செய்து கார்பன் டை ஆக்சைடாக வெளியேற்றுகிறது. ஆரஞ்சு நிறத்தில் ஆறு இணைதிறனோடு இருந்த குரோமியம், எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு மூன்று இணைதிறன் கொண்ட பச்சை நிறக் குரோமியமாக மாறுகிறது. ஒரு கரிம அணு 4 எலக்ட்ரான்களை விட்டுக்கொடுப்பதாகக் கணக்கு. அதனால் கரிமத்தின் சமான எடை 12-ஐ 4 ஆல் வகுத்த 3. கரிமச் சதவீதத்தைக் கணக்கிடும் சூத்திரத்தில் வரும் 0.003 என்ற எண் (3-இன் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிறப்பது இங்கேதான்.

ஊற்றிய டைகுரோமேட்டில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் செலவானது தெரிந்துவிடும். 200 மி.லி. தண்ணீர் விட்டு, 10 மி.லி. பாஸ்பாரிக் அமிலமும் டைபினைல் அமீன் நிறங்காட்டியும் சேர்த்து, பியூரெட்டிலிருந்து 0.5 நார்மல் பெரஸ் அமோனியம் சல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பழுப்பு, கருநீலமாகி, கடைசியில் ஒரே துளியில் பளிச்சென்ற பச்சையாகும். வினையில் உருவாகும் பெரிக் அயனியைப் பாஸ்பாரிக் அமிலம் நிறமற்ற சேர்மமாகக் கட்டிவைக்கிறது. அதைக் குறைத்துப் போட்டால் அந்தக் கடைசி மாற்றம் மங்கலாகி, இரண்டு துளி முன்பின் போய்விடும். மண் போடாத குடுவை ஒன்றுக்கும் இதையெல்லாம் செய்ய வேண்டும். அதற்குப் பெரஸ் கரைசல் 20 மி.லி. வரை செலவாகும். மண் போட்ட குடுவைக்கு எவ்வளவு குறைவாகச் செலவாகிறதோ, அந்த வித்தியாசமே கரிமத்தின் அளவு.

அடுப்பு இல்லாததால் செலவு குறைகிறது, பிழையும் அங்கிருந்தே வருகிறது. அமிலத்தை மெதுவாக ஊற்றினால் சூடு ஏறுவதற்குள் ஆறிவிடும். வெறும் சிமென்ட் மேடையில் குடுவையை வைத்தாலும், குளிரூட்டிய அறையில் மின்விசிறிக்குக் கீழே வைத்தாலும் அப்படியே. வெப்பத்தைக் கடத்தாத பலகைமேல் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். மூடி சரியில்லாத பாட்டிலில் கிடந்த கந்தக அமிலம் காற்றின் ஈரத்தைக் குடித்து ஏற்கெனவே நீர்த்திருக்கும், ஆகவே ஊற்றும்போது போதிய வெப்பம் தராது. ஆக, ஏப்ரலில் மதுரையில் வரும் அளவும் ஜனவரியில் உதகையில் வரும் அளவும் ஒரே மண்ணுக்கு வேறுபட இடமிருக்கிறது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் இந்தச் சூடு கரிமம் முழுவதையும் எரிக்காது. வாக்லியும் பிளாக்கும் சோதித்த மண்களில் 60 முதல் 86 சதவீதம் வரையே அகப்பட்டது. அதனால் சராசரியாக 77 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, விடையை 1.3 ஆல் பெருக்குவது வழக்கமானது. மரக்கரி போன்ற எரிந்த கரிமம் பெரும்பாலும் அகப்படுவதே இல்லை. அறுவடைக்குப் பின் பயிர்த்தாளை எரிக்கும் வயல்களில் இதை நினைவில் வைக்க வேண்டும். இப்போது முதலில் சொன்ன இரண்டு தாள்களுக்கு வாருங்கள். 0.47-ஐ 1.3 ஆல் பெருக்கினால் 0.61. இரண்டு ஆய்வகமுமே ஒழுங்காக அளந்திருக்கலாம். ஒன்று பெருக்கியது, மற்றது பெருக்கவில்லை, இரண்டுமே அதை அறிக்கையில் எழுதவில்லை. குளோசோலானின் பொதுச் செய்முறைக் கையேடு இப்படிப்பட்ட சில்லறைகளை எல்லாம் எழுத்தில் பிடித்துவைக்கிறது. சர்வதேச ஒத்துழைப்பு என்ற பெரிய சொல்லுக்கு மண்ணியலில் இதைவிட உருப்படியான பொருள் எனக்குத் தெரியவில்லை.

மண்ணுக்கு மண் வரும் சிக்கல்களும் உண்டு. நாகப்பட்டினத்துக் கடலோர உவர்மண்ணிலோ வியட்நாமின் மேகாங் கழிமுகத்திலோ எடுத்த மண்ணில் குளோரைடும் டைகுரோமேட்டைத் தின்னும். 12 பங்கு குளோரைடு ஒரு பங்கு கரிமம்போல நடிக்கும். அமிலத்தோடு சில்வர் சல்பேட் சேர்த்தால் குளோரைடு வீழ்படிவாகி ஒதுங்கிவிடும். தண்ணீர் தேங்கிய நெல் வயல் மண்ணில் பெரஸ் இரும்பு அதிகம், நன்றாக உலர்த்தாவிட்டால் அதுவும் கரிமமாகக் கணக்கில் ஏறும். மாங்கனீசு ஆக்சைடு நேர்மாறு: தானே ஆக்சிஜனேற்றம் செய்து கரிமத்தைக் குறைத்துக் காட்டும். 10 மி.லி. டைகுரோமேட்டில் 8-க்கு மேல் செலவாகிவிட்டால் அந்த விடை செல்லாது. மண்ணைப் பாதியாகக் குறைத்துத் திரும்பச் செய்ய வேண்டும்.

பணக்கார ஆய்வகங்கள் மண்ணை 900 டிகிரிக்கு மேல் எரித்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை நேரே அளக்கின்றன. நஞ்சான குரோமியக் கழிவும் இல்லை, 1.3-உம் இல்லை. ஆனால் சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் சுண்ணாம்பின் கரிமமும் சேர்ந்து எரியும். மண்ணில் 1 சதவீதம் கால்சியம் கார்பனேட் இருந்தால் 0.12 சதவீதம் கரிமம் கூடுதலாகத் தெரியும், 5 சதவீதம் இருந்தால் 0.6. உண்மையான அங்ககக் கரிமத்தைவிட அது அதிகமாகவே இருக்கக்கூடும். அமிலத்தால் சுண்ணாம்பை முதலில் நீக்காமல் எரித்த எண்ணைக் கரிசல் நிலத்துக்கு நம்பக்கூடாது. இந்த ஓர் இடத்தில் பழைய டைகுரோமேட்டே மேல், அது சுண்ணாம்பைத் தொடுவதில்லை.

இனி கொள்கைக்கு வருவோம். 2015 டிசம்பரில் பாரிஸ் காலநிலை மாநாட்டில் பிரான்ஸ் ‘ஆயிரத்துக்கு நான்கு’ என்ற முன்னெடுப்பை அறிவித்தது. மண்ணின் கரிமத்தை ஆண்டுக்கு 0.4 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது அதன் நோக்கம். நம் 0.5 சதவீத மண்ணில் அது எவ்வளவு? 0.002 மட்டுமே. 1 கிராம் மண்ணுக்கு, 0.5 நார்மல் கரைசலின் ஒவ்வொரு மி.லி.யும் 0.195 சதவீதக் கரிமத்துக்குச் சமம். பியூரெட்டின் ஒரு துளி 0.05 மி.லி., அதாவது ஏறத்தாழ 0.01 சதவீதம். ஓர் ஆண்டின் முன்னேற்றம் ஒரு துளியில் ஐந்தில் ஒரு பங்கு! துளியைப் பிரித்து எண்ண யாராலும் முடியாது. இருபது ஆண்டுகள் விடாமல் செய்தால் நான்கு துளி சேரும். மறுபக்கம், நிலச் சீரழிவைக் கணக்கிடும் ஐ.நா. வழிகாட்டலில் கரிம இருப்பு 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அது சீரழிந்த நிலம். அதுவும் இந்த மண்ணில் ஐந்து துளிதான். 0.47-க்கும் 0.61-க்கும் இடையில் இருப்பதோ பதினான்கு துளி.

ஹெக்டேருக்கு எத்தனை டன் என்று மாற்றும்போது இன்னொரு பிழை ஏறுகிறது. சதவீதம், பரும அடர்த்தி (ஒரு கன செ.மீ. மண் எத்தனை கிராம் என்பது), ஆழம் மூன்றையும் பெருக்கினால் டன் கிடைக்கும்: 0.5 × 1.4 × 30 = 21. டிராக்டர் ஓடி மண் இறுகி, அடர்த்தி 1.4-இலிருந்து 1.5 ஆனால் 22.5 டன். ஒரு கைப்பிடி எருகூடப் போடாமல் ஒன்றரை டன் ‘கூடிவிட்டது’. ஆழத்தை வைத்து ஒப்பிடாமல், சம எடை மண்ணை வைத்து ஒப்பிடுவதே சரி. இதில் ஆழமும் ஒத்துப்போவதில்லை. இந்திய மண்வள அட்டைக்கு 15 செ.மீ. வரை மாதிரி எடுக்கிறார்கள், உலக வரைபடம் 30 செ.மீ. கேட்கிறது. கீழ்ப்பாதியைச் சூத்திரத்தால் ஊகித்து நிரப்புவதைவிட, சில நூறு இடங்களிலாவது 30 வரை தோண்டிவிடலாம்.

ஆய்வகங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க ஒரே மண்ணைப் பலருக்கும் அனுப்பும் தேர்ச்சிச் சோதனை நடக்கிறது. ஓர் ஆய்வகத்தின் விடை பொது மதிப்பிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் (அளவுகள் வழக்கமாகச் சிதறும் அளவு) தள்ளி நிற்கிறது என்பதே மதிப்பெண். 2 வரை நல்லது, 3-ஐத் தாண்டினால் தவறு. இங்கே எதிர்பாராத முட்டுக்கட்டை நாட்டு எல்லையின் சுங்கச் சோதனையில் இருக்கிறது. நூற்புழுவும் பூஞ்சையும் வந்துவிடும் என்பதால் மண்ணை அனுமதியில்லாமல் நாட்டுக்குள் விடமாட்டார்கள். இந்தியாவிலும் 2003 தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அப்படியே சொல்கிறது. சூடுபடுத்திக் கிருமி நீக்கினால் அளக்கவேண்டிய கரிமமே மாறிவிடும்.

‘உலகில் இன்னும் 60 அறுவடைகள்தான் மிச்சம்’ என்று மேடைகளில் சொல்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் எந்த ஆய்வும் இல்லை. எல்லா மண்ணுக்கும் குறைந்தது 3 சதவீதம் கரிமப் பொருள் வேண்டும் என்ற முழக்கமும் அப்படியே. கரிமப் பொருள் வேறு, கரிமம் வேறு. கரிமப் பொருளைக் கரிமமாக மாற்ற வழக்கமாகப் பயன்படுத்தும் 1.724 ஆல் வகுத்தால் 3 சதவீதம் என்பது 1.74 சதவீதக் கரிமம். வெப்பத்தில் மட்கு வேகமாகச் சிதையும் ராமநாதபுரத்து மானாவாரி மண்ணுக்கு அந்த இலக்கை வைப்பது, விவசாயியைத் தோற்கடிக்கவே வைத்த தேர்வு.

செயற்கைக்கோளுக்கும் செயலிகளுக்கும் நிதி கேட்டால் கிடைத்துவிடுகிறது. வாலை வடிநீருக்கும் நிரந்தரத் தொழில்நுட்பப் பணியாளருக்கும் கேட்டால் கோப்பு நகர்வதில்லை. அகச்சிவப்பு நிறமாலையால் ஒரு நிமிடத்தில் கரிமம் சொல்லும் கருவிகளை இப்போது வாங்குகிறார்கள், நல்லதுதான். ஆனால் அந்தக் கருவிக்குப் பாடம் சொல்லித்தருவது ஆய்வகத்தில் அளந்த எண்களே. தவறான எண்ணைக் கொடுத்தால் அது தவறையே வேகமாகச் சொல்லும்.

இதற்கெல்லாம் தொடக்கமாக ஓர் ஆய்வகம் செய்யக்கூடியது செலவில்லாதது. உள்ளூர் மண் 20 கிலோவை உலர்த்தி, சலித்து, நன்றாகக் கலந்து மூடிவைக்க வேண்டும். வெவ்வேறு நாட்களில் பத்து முறையாவது அளந்து சராசரியையும் திட்டவிலக்கத்தையும் எடுத்து, ஒரு தாளில் கோடுகளாக வரைந்து சுவரில் ஒட்ட வேண்டும். தினமும் ஒவ்வொரு தொகுதி மாதிரியோடும் இந்த மண்ணிலும் ஒரு குடுவை வைத்துப் புள்ளியிட வேண்டும். புள்ளி இரண்டு திட்டவிலக்கத்தைத் தாண்டினால் அமில பாட்டிலையும் பெரஸ் கரைசலின் செறிவையும் சரிபார்க்க வேண்டும். பெரஸ் கரைசல் காற்றுப் பட்டால் வலு இழக்கும் என்பதால் அதைத் தினமும் பார்ப்பது நல்லது. மூன்றைத் தாண்டினால் அன்றைய தொகுதி முழுவதையும் மறுபடி அரைக்காமல், மறுபடி எடைபோடுவதிலிருந்து தொடங்க வேண்டும்.