புறம்போக்கில் நட்ட தூண்கள்

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கோ அந்தக் கார்க்காரர்கள்மீது மரியாதை வந்தது. தங்கள் பகுதியில் எது மேடு, எது பள்ளம், தண்ணீர் எங்கே வந்து நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சாலைக்கும் ரயிலுக்கும் வரைபடத்தில் கோடு கிழிப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.

சென்னை தட்டையான ஊர். மேற்கே இருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிவு இருந்தாலும் அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைவு. கடலோரத்திலோ மணல்மேடுகள் குறுக்கே நிற்கின்றன. எனவே மழைநீர் கடலில் சேர வடக்கே எண்ணூர், நடுவே கூவம், அடையாறு, தெற்கே கோவளம் என விரல்விட்டு எண்ணக்கூடிய வாசல்களே உண்டு. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் கூடி, ஒக்கியம் மடுவு என்னும் ஓடை வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குள் இறங்கி, கோவளம் முகத்துவாரம்வரை போக வேண்டும். பழைய மக்கள் அந்தச் சதுப்பைக் கழுவெளி என்றார்கள்.

இப்போது சாலைகளைப் பாருங்கள். பழைய மகாபலிபுரம் சாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் வடக்கு தெற்காக ஓடுகின்றன. நீர் கிழக்கே போகத் தவிக்கிறது, சாலை குறுக்கே படுத்திருக்கிறது. தரையைவிட உயரமாக மண் கொட்டிப் போட்ட சாலை நீரின் கணக்கில் ஒரு ஏரிக்கரைதான். ஆனால் ஏரிக்கரை கட்டியவன் மதகும், மிகுநீர் வழிந்தோடக் கலங்கலும் வைத்தான். சாலைக்கு இருப்பவை சிறுபாலங்கள் மட்டுமே. எத்தனை சிறுபாலங்கள், எவ்வளவு அகலம் என்பதில்தான் மேற்குப் பக்கத்து வீடுகளின் கதி இருக்கிறது.

இதன் இயற்பியல் எளிது. ஒரு விநாடிக்கு வரும் நீரின் அளவு மாறாமல் இருக்க, போகும் வழியின் அகலத்தைப் பாதியாக்கினால், நீர் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். அந்த வேகம் சும்மா வராது. நீர் முதலில் பாலத்துக்கு மேற்புறத்தில் எழும்பி நிற்கும். அந்த உயரம்தான் வேகமாக மாறும். விநாடிக்கு 1 மீட்டர் வேகத்துக்கு வேண்டிய உயரம் சுமார் 5 சென்டிமீட்டர். 2 மீட்டர் வேகத்துக்கு 20 சென்டிமீட்டர். வேகம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்காகிறது. வித்தியாசம் 15 சென்டிமீட்டர்தானே, ஒரு சாண்கூட இல்லையே என்று தோன்றும். மலைச்சரிவில் அது ஒன்றுமேயில்லை. ஆனால் 5,000 மீட்டருக்கு 1 மீட்டர் மட்டுமே சரியும் நிலத்தில், அந்த 15 சென்டிமீட்டரின் தேக்கம் முக்கால் கிலோமீட்டர் பின்னால்வரை எட்டும். சிறுபாலத்தின் வாயை ஆகாயத் தாமரையும் பிளாஸ்டிக் பைகளும் அடைத்துக்கொண்டால் இந்தக் கணக்கெல்லாம் இன்னும் மோசமாகும்.

பறக்கும் ரயிலின் கதை இங்கேதான் சிக்கலாகிறது. கடற்கரை நிலையத்திலிருந்து மயிலாப்பூருக்கு 1997-லும், வேளச்சேரிக்கு 2007-லும் அது வந்து சேர்ந்தது. ரயில் நல்லது, ஒரே வண்டியில் நூற்றுக்கணக்கானவர்கள் போனால் அத்தனை ஸ்கூட்டர்களின் புகை மிச்சம். ஆனால் அந்தப் பாதையின் பெரும்பகுதிக்குத் தூண்கள் பக்கிங்காம் கால்வாயிலும் அதன் கரையிலும் நடப்பட்டன. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்தக் கால்வாய்த் துண்டு, 1877-78 பஞ்சத்தின்போது பசித்தவர்களுக்கு நிவாரண வேலையாக மண்வெட்டியால் வெட்டப்பட்டது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போன வழி. காற்றுக்கு நன்மை செய்த திட்டம் நீருக்குச் செய்தது வேறு. இரண்டையும் ஒரே தராசில் போட்டுச் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று முத்திரை குத்துவது எனக்கு ஒப்பாது.

ஏன் கால்வாயின் மேலே கட்டினார்கள்? வீடுகளை இடிக்க வேண்டாம், இழப்பீடு தர வேண்டாம், வழக்கு வராது. வருவாய்த்துறைக் கணக்கில் நீர்நிலை என்பது புறம்போக்கு, அதாவது வரி விதிப்புக்குப் புறம்பான நிலம். வரி இல்லாததால் விலையும் இல்லை என்று திட்ட மதிப்பீடு எடுத்துக்கொள்கிறது. ஊரில் அந்தச் சொல் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. வசைக்கு ஆளானது என்னவோ ஊரின் வடிகால்.

கூவத்தில் இந்த விவகாரம் வெளிப்படையாகவே வெடித்தது. துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஆற்றுக்குள் தூண்கள் வருவதால் நீரோட்டம் தடைபடும் என்று 2012-இல் மாநில அரசு பணியை நிறுத்தியது. அதற்குள் எழும்பிவிட்ட தூண்கள் ஆண்டுக்கணக்கில் மொட்டையாக நின்றன. வடிவத்தை மாற்றி, இரண்டடுக்காக 2022-இல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள்.

அதற்காகத் தூண் என்றாலே கெடுதல் என்று எண்ண வேண்டாம். சதுப்பில் நியாயம் நேர் எதிராக இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையின்போது கடல் ஏற்றமும் சேர்ந்துவிட்டால் முகத்துவாரம் நீரை வாங்காது. கடல் இறங்கும்வரை மழைநீர் எங்கேயாவது காத்திருக்க வேண்டும். பள்ளிக்கரணை அந்தக் காத்திருப்பு அறை. அங்கே ஒரு ஹெக்டேரில் 1 மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டினால் 1 கோடி லிட்டர் நீருக்கான இடம் போய்விடும். பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடிச் சாலை அந்தச் சதுப்பைக் குறுக்கே வெட்டித்தான் போகிறது. அங்கே கரைக்குப் பதிலாகத் தூண்மீது பாலம் போட்டிருந்தால் நீர் அடியிலே புழங்கியிருக்கும். செலவு கூடும்தான்.

அந்த அகலமுள்ள சாலையில் 1 கிலோமீட்டர் நீளத்துக்கு 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 60 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரிகளில் 500 லாரித் தண்ணீர். தாரில் ஊறாமல் அதில் பெரும்பகுதி ஓரத்துக்குத்தான் ஓடும். கோடையில் இதே தண்ணீரை லாரி லாரியாகக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

பாலம் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் நீர்மட்டம் நாலு விரற்கடை உயரும் என்றுதான் அறிக்கை சொல்லும்; பொய்யில்லை. ஒரே கால்வாயில் அடுத்தடுத்துச் சாலைப் பாலம், மெட்ரோ தூண், குடிநீர்க் குழாய் என்று வரும்போது கூட்டிப் பார்க்க ஆளில்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், முன் அனுமதி வேண்டிய திட்டங்களின் பட்டியலில் ரயில் பாதைகள் இடம்பெறவே இல்லை. சென்னைப் பெருநகர எல்லையை 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். ஏரிச் சங்கிலிகளின் மேல்முனைகளில் இன்னும் பல அந்த எல்லைக்குள் வந்திருப்பதால், கூட்டல் கணக்கைப் போட இப்போது வசதி இருக்கிறது.

பெரிய திட்டங்களை விடுங்கள். பழைய தெருக்களில் வாசலில் இறங்கி உள்ளே போகும்படியான வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். கட்டும்போது அவை தெருவைவிட உயரமாகத்தான் இருந்தன. ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிதாகப் போட்டதில், தெரு மெல்ல மெல்ல ஏறி, திண்ணையைத் தாண்டி, இப்போது மழைக்காலத்தில் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது.