லோக்ஞென்: திபெத்தியர் சினிமாவுக்கு வைத்த பெயர்

திபெத்திய மொழியில் சினிமாவுக்கு லோக்ஞென் என்று பெயர். லோக் என்றால் மின்னல். மின்சாரம் வந்தபின் அதையும் இதே சொல்லால் அழைத்தார்கள். ஞென் என்பது பிம்பம், சாயல்.

சீனத்தில் சினிமாவுக்குத் 'தியென்யிங்', அதாவது மின்நிழல் என்று பெயர். லோக்ஞென் அந்த அச்சில் வார்த்த சொல்தான். ஆனால் நிழலுக்குத் திபெத்தியத்தில் டிப்மா என்ற தனிச்சொல் உண்டு. அதன் முதற்பகுதியான டிப் தீட்டையும் குறிக்கும். அதை எடுக்காமல் ஞென் என்று வைத்ததுதான் இச்சொல்லின் அழகு. சமஸ்கிருதப் பௌத்த நூல்களில் வரும் 'பிரதிபிம்பம்', திபெத்தியத்தில் 'சுக்ஞென்' ஆயிற்று. கண்ணாடியில் தெரிகிற, கைக்கு அகப்படாத முகம் அது. நூற்றாண்டுகளாக மடாலயங்களில் புழங்கிய சொல் இப்படித்தான் சினிமாவுக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் திரையில் தெரிந்தது யார் முகம்? 1963-இல் சீன ராணுவத்தின் படப்பிடிப்பு நிறுவனம் எடுத்த 'பண்ணையடிமை' படத்தில் திபெத்தியர்கள் நடித்தார்கள். பேச்சு சீனமொழியில் இருந்தது. அதைத் திபெத்தைப் பற்றிய படம் என்று சொல்லலாம், திபெத்தியத் திரைப்படம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திபெத்தியப் பீடபூமியின் வடகிழக்கிலுள்ள அம்தோ பகுதியில் 1969-இல் பிறந்த இயக்குநர் பெமா செதென், 2005-இல் தன் முதல் முழுநீளப் படத்தைத் தாய்மொழியிலேயே எடுத்த பிறகுதான் சீனாவுக்குள் அந்த வேறுபாடு கண்கூடாயிற்று.

அவருடைய 'தர்லோ' (2015) கறுப்பு வெள்ளைப் படம். மாவோவின் உரையை மனப்பாடமாக ஒப்பிக்கும் ஆட்டிடையன் ஒருவன், அடையாள அட்டைக்குப் படம் எடுக்க நகரத்துக்கு வருகிறான். சிகையலங்காரக் கடையில் அவனை நாம் கண்ணாடி வழியாகவே பார்க்கிறோம். பின்னர் சடையை இழந்து மொட்டைத் தலையுடன் காவல் நிலையம் போகிறான்; அட்டையில் உள்ள படம் அவனைப் போல இல்லை, வேறு எடுத்து வா என்கிறார்கள். அந்தக் காட்சியில் 'மக்களுக்குத் தொண்டு செய்' என்ற சுவர் வாசகம் இடவலம் மாறித் தெரிகிறது. நவீன அரசு கேட்கும் பிம்பத்துக்கும் ஆளுக்கும் உள்ள இடைவெளியை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய படங்கள் குறைவு.

தமிழில் எப்படிச் சொல்வது? 'திரைப்படம்' போதும், எல்லாருக்கும் விளங்கும். சொல்லின் உட்பொருளும் வேண்டுமென்றால் 'மின்நிழல்' என்பேன். தமிழில் நிழல் என்ற சொல் கண்ணாடியிலும் நீரிலும் தெரியும் உருவத்தையும் குறிப்பதால், சீனச் சொல்லும் திபெத்தியச் சொல்லும் அதில் அடங்கிவிடும். 'மின்பிம்பம்' தவறில்லை, ஆனால் பாதி வடமொழி. எழுதும்போது 'திபெத்தியத் திரைப்படம்', 'திபெத் பற்றிய படம்' இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டாம்.