தோழிக்கு எழுதிய கடிதங்களில் ஒரு மாத்திரை

அந்த அம்மா என் அறைக்கு வந்தபோது கையில் பழைய மருந்துச் சீட்டு எதுவும் இல்லை. கிளிப் போட்ட ஒரு காகிதக் கட்டுதான் இருந்தது. பத்துப் பதினைந்து மின்னஞ்சல்களை அச்செடுத்து, அங்கங்கே பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தது. "எல்லாம் நான் எழுதியதுதான் டாக்டர். என் சிநேகிதி கோடு போட்டு எனக்கே தபாலில் அனுப்பியிருக்கிறாள். இதை டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் எனக்கு எழுது என்கிறாள்" என்றார். குரலில் கோபமும் இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது.

இருவரும் பள்ளி நாளிலிருந்து தோழிகள். ஆளுக்கொரு ஊரில் இருந்தாலும் வாரம் ஒரு கடிதம் தவறாது. அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கோடு போட்டிருந்த முதல் வரி, அவருடைய தங்கை இறந்த மாதத்தில் எழுதியது. "டாக்டர் ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். அரைதான் போட்டேன். நேற்று ஆறு மணி நேரம் தூங்கினேன்டி, எத்தனை நாளாயிற்று!" இதில் தப்பு எதுவும் இல்லை. துக்கத்தில் தூக்கம் தொலைந்தவருக்குச் சில நாள் கொடுக்கத் தகுந்த மருந்துதான் அது. அடுத்த கோடு ஐந்து மாதம் கழித்து, குடும்பத்தோடு விடுமுறைக்குப் போனதைப் பற்றிய கடிதத்தில். மலை, மழை, பேரப்பிள்ளைகளின் சேட்டை என்று இரண்டு பக்கம். நடுவில் ஒரு வரி: "மாத்திரை அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் என் மேல் கடுப்பு."

மூன்றாவது கோடு, படித்துக்கொண்டிருந்த நாவலைப் பற்றியது. "இன்னும் 112ஆம் பக்கத்திலேயே நிற்கிறேன். நேற்று படித்தது இன்று நினைவில் இல்லை, மறுபடி அதே பக்கம்." அதற்கப்புறம் வந்த கடிதங்களில் அரை ஒன்றாகி, ஒன்று ஒன்றரை ஆகியிருந்தது. ஒவ்வொன்றும் போகிற போக்கில் சொன்ன வரி. நோயைப் பற்றி என்று ஒரு கடிதம்கூட அதில் இல்லை.

படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான். "தூக்கம் எப்படி இருக்கிறது?" என்று நான் கேட்டிருந்தால், "மாத்திரை போட்டால் பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லியிருப்பார். நானும் தலையாட்டி எழுதிக்கொண்டிருப்பேன். நோயாளிகள் டாக்டரிடம் பொய் சொல்வதில்லை. சுருக்கமாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். வண்டியைத் திருப்பிய கதையெல்லாம் தோழிக்குத்தான் போகும். மருந்து ஒருவருடைய வாழ்க்கைக்குள் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பது அந்தக் கதையில்தான் இருக்கிறது.

அவர் போட்டுக்கொண்டிருந்தது அல்பிரசோலம். பென்சோடயாசிபைன் என்ற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1960இல் குளோர்டயாசிபாக்சைடும் 1963இல் டயாசிபாமும் விற்பனைக்கு வந்தபோது, அதற்கு முன்னால் இருந்த பார்பிச்சுரேட் தூக்க மருந்துகளைவிட இவை பாதுகாப்பானவை என்று மருத்துவ உலகம் நிம்மதியடைந்தது. அந்த ஒப்பீடு சரிதான். ஆனால் நீண்ட நாள் கொடுத்துச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கான எச்சரிக்கைகளும் 1960களிலேயே வரத் தொடங்கிவிட்டன. 2020இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், இந்தக் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றின் மேலும் உள்ள கட்டம் கட்டிய எச்சரிக்கையைத் திருத்தி, உடல் சார்ந்துபோவதையும் தவறாகப் பயன்படுத்தப்படும் ஆபத்தையும் அதில் சேர்க்கச் சொன்னது. டாக்டர் சொன்ன அளவிலேயே போட்டாலும், விடாமல் போட்டால், சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் உடல் அதைச் சார்ந்துவிடலாம் என்பது அதன் சாரம். இதைப் படிப்பவர்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது, "சொன்ன அளவிலேயே போட்டாலும்" என்பதைத்தான். அந்த அம்மா ஒழுக்கக்கேடாக எதையும் செய்துவிடவில்லை.

மூளையில் காபா என்று ஒரு வேதிப்பொருள் உண்டு. நரம்புகளின் பரபரப்பை அடக்குவது அதன் வேலை. இந்த மாத்திரை காபாவின் கையை வலுப்படுத்துகிறது. இரவு தவறாமல் இந்த உதவி வந்துகொண்டே இருந்தால், மூளை தன் பங்குக்கு அடக்கும் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. அரை மாத்திரை போதாமல் போவது இதனால்தான். ஒருநாள் போடாமல் இருந்தால் முன்பு இருந்ததைவிட மோசமாக விழித்துக் கிடப்பதும் இதனால்தான். நோயாளிகள் அகப்பட்டுக்கொள்ளும் இடமும் இதுவே. "ஒருநாள் போடாமல் பார்த்தேன் டாக்டர், பொட்டுத் தூக்கம் இல்லை. அப்படியானால் எனக்கு இது தேவைதானே?" என்று கேட்பார்கள். அந்த ஒரு ராத்திரி, மருந்து இல்லாத உங்கள் இயல்பான ராத்திரி இல்லை. மருந்து விலகிப்போன ராத்திரி. இரண்டும் வேறு.

தூக்க மாத்திரையில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். அடிக்கடி தலைவலி வருகிறவர்கள் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேலாகப் போட்டுவந்தால், அந்த மாத்திரையே தலைவலியைத் தொடரச் செய்யலாம். ஒற்றைத் தலைவலிக்குப் போடும் டிரிப்டான் வகைக்கும் பல மருந்துகள் கலந்த வலி மாத்திரைகளுக்கும் இந்தக் கணக்கு 10 நாள்தான். மூக்கடைப்புக்குப் போடும் சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் சொட்டு மருந்துகளை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால், மருந்து இறங்கியதும் மூக்கு முன்பைவிட அதிகமாக அடைத்துக்கொள்ளும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையில் 2009இல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வு எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாத 120 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிப் பேருக்கு எட்டு வாரம் அந்த மாத்திரையைக் கொடுத்து நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் போன்ற அமிலத் தொந்தரவு வந்தது. வெற்று மாத்திரை மட்டும் சாப்பிட்ட மற்றவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. நோயே இல்லாதவர்களுக்கு, மருந்தை விட்டதால் நோய் வந்த மாதிரி ஆயிற்று.

சரி, இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். இதுபோன்ற கட்டுரைகளைப் படித்துவிட்டு ரத்த அழுத்த மாத்திரையையும் வலிப்பு மாத்திரையையும் நிறுத்திவிட்டு வருகிறவர்களை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 1922 ஜனவரியில் கனடாவின் டொரோன்டோவில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதன்பின் 13 வருஷம் அவன் உயிரோடு இருந்தது அந்த ஊசியை நம்பித்தான். அதை யாரும் அடிமைத்தனம் என்று சொல்ல மாட்டோம். உடம்பில் இல்லாததை ஈடுகட்டும் மருந்து ஒருவகை. வந்த வேலை முடிந்த பிறகும் கிளம்பாமல் தங்கிவிடும் மருந்து வேறுவகை. உங்களுடையது எந்த வகை என்பதை எழுதிக்கொடுத்த டாக்டரிடமே நேராகக் கேளுங்கள். "இது எத்தனை நாளைக்கு? எப்படி நிறுத்துவது?" என்ற இரண்டு கேள்விகளையும் முதல் நாளே கேட்பது இன்னும் நல்லது.

இனி அந்தத் தோழி செய்ததைப் பற்றி. அவர் "நிறுத்திவிடு" என்று எழுதவில்லை. "உனக்கு மன உறுதி போதாது" என்றும் எழுதவில்லை. தோழியின் வரிகளையே வரிசையாக எடுத்து அவர் முன்னால் வைத்தார், டாக்டரிடம் போகச் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இது எவ்வளவு பெரிய உதவி என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் வேறு மாதிரி நடந்ததையும் பார்த்திருக்கிறேன். மூன்று வருஷமாகப் பதற்றத்துக்கு இதே வகை மாத்திரை போட்டுவந்த ஓர் இளைஞனிடம், அவன் மேல் உயிரையே வைத்திருந்த நண்பன், "அந்தக் கருமத்தைத் தூக்கிப் போடுடா, நான் இருக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறான். இவனும் அன்றே குப்பையில் போட்டுவிட்டான். முதல் நாள் கை நடுக்கம், வியர்வை. மூன்றாம் நாள் வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். நண்பன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுததை மறக்க முடியவில்லை. அவன் சொன்னது முழுக்க அன்பால் சொன்னது. பல மாதம் போட்ட பென்சோடயாசிபைனை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த அம்மாவுக்கு நாங்கள் போட்ட கணக்கு இது. அவர் இரவில் போட்டது 0.75 மில்லிகிராம். அதை 0.25 மில்லிகிராம் மாத்திரை மூன்றாக மாற்றினோம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கால் மாத்திரை குறைப்பது. ஆரம்பத்தில் ஒவ்வொரு படியும் சுமார் 8 சதவீதம் இறங்கும். 5 முதல் 10 சதவீதம் என்பது இப்போதைய வழிகாட்டுதல்களும் சொல்லும் அளவுதான். மொத்தம் 12 படி. நடுவில் இரண்டு முறை தாங்க முடியாமல் அதே படியில் நின்றுகொண்டோம். நிற்பதில் தவறில்லை, மேலே ஏறாமல் இருந்தால் போதும். ஒவ்வொருவருக்கும் மருந்தும் அளவும் வேறு என்பதால் இந்தக் கணக்கை யாரும் தங்களுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. மெதுவாக இறங்குவது எவ்வளவு மெதுவாக இருக்கும் என்று காட்டத்தான் எழுதினேன். இறங்கும்போது தூக்கம் வரவில்லையே என்று கடையில் ஒவ்வாமை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதும் வேண்டாம், வயதானவர்களுக்கு அது குழப்பத்தையும் தடுமாற்றத்தையும் தரும். மதுவோடும், மார்ஃபின் போன்ற ஓபியாயிடு வலி மருந்தோடும் தூக்க மாத்திரை சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம்.

மாத்திரை இறங்கும்போது தூக்கத்தை ஏந்திக்கொள்ள வேறொன்று வேண்டும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது நடத்தை, சிந்தனைப் பயிற்சியே என்று 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைத்தது. அதில் அவருக்குக் கசந்தது ஒரு விதிதான்: படுக்கை தூங்குவதற்கு மட்டும். கண் சொக்கினால்தான் படுக்கப் போக வேண்டும், இருபது நிமிடம் போல விழித்துக் கிடந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். காலையில் எப்படித் தூங்கியிருந்தாலும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். "நாற்பது வருஷமாகப் படுத்துக்கொண்டுதான் புத்தகம் படிக்கிறேன், அதையும் பிடுங்கிக்கொள்கிறீர்களே" என்றார். புத்தகத்தை ஒன்றும் செய்யவில்லை, ஜன்னல் ஓரத்து நாற்காலிக்கு மாற்றச் சொன்னேன். அந்தத் தோழி அன்றிலிருந்து ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் ஒரே ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினார்: "எத்தனையாவது பக்கம்?" மாத்திரையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. மாத்திரையால் வந்த மறதியும் மந்தமும் விலகுகிறதா என்று கண்டுகொள்ள அதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை.

விடுமுறைப் பயணம் வந்தபோது மறுபடி பயந்தார். புது இடத்தில் முதல் ராத்திரி யாருக்கும் தூக்கம் குறையும். 2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர்கள், பழகாத இடத்தில் முதல் இரவு மூளையின் இடது பாதி வலது பாதியைப் போல ஆழ்ந்து தூங்காமல் காவல் இருப்பதைக் கண்டார்கள். இதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. "அப்போது அது மாத்திரைப் பிரச்சினை இல்லையா?" இல்லை, அது ஊர்ப் பிரச்சினை. பயண வாரத்தில் அளவைக் குறைக்க வேண்டாம், அட்டையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய சீட்டும் கூடவே இருக்கட்டும் என்றேன். வெளிநாடு போகிறவர்கள் முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும். சில நாடுகளில் இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள்.

உங்கள் நண்பர் எழுதுவதிலும் பேசுவதிலும் இப்படி வரிகள் வந்தால் கவனியுங்கள். "இன்றைக்கு மட்டும்" என்பது நான்காவது வாரமும் வருவது. அட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணிச் சொல்வது. ஒரு டாக்டர் மறுத்தார், இன்னொருவர் கொடுத்தார் என்பது. மாத்திரை இருக்குமா என்று பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்புவது. விசாரணை செய்ய வேண்டாம். "போன தடவை அரை என்றுதானே எழுதியிருந்தாய்?" என்று கேட்டால் போதும், அவர்களே உட்கார்ந்து பழைய கடிதங்களைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

சென்ற மாதம் அவர் வந்தபோது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கடைசிக் கால் மாத்திரை இன்னும் இருக்கிறது, அதுதான் எல்லாருக்கும் கஷ்டமான கால். அவசரம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். நாவல் முடிந்துவிட்டதாம். முடிவு பிடிக்கவில்லை என்று தோழிக்கு மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தில் மாத்திரை எங்கும் வரவில்லை.