வேப்ப எண்ணெயைச் சுடுதண்ணீரில் கலக்காதீர்கள்

வேப்ப எண்ணெய் அடித்துக் கெட்டுப்போன பந்தல், இந்த மாதம் இது மூன்றாவது. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் முக்கால் ஏக்கர் பாகல், வேலந்தாவளம் சந்தைக்குக் காய் போய்க்கொண்டிருந்த தோட்டம். உள்ளே நுழைந்ததும் முதல் இரண்டு வரிசையில் இலை ஓரமெல்லாம் கருகிக் கிடந்தது. நடுவில் பஜ்ஜி மடித்த காகிதம் மாதிரி எண்ணெய்க் கறை. இன்னும் உள்ளே போனால் இலை நல்ல பச்சை. ஆனால் திருப்பிப் பார்த்தால் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்படியே அப்பிக்கொண்டிருக்கிறது.

"போலி எண்ணெயைக் குடுத்துட்டாங்க சார்" என்றார் தோட்டக்கார அண்ணன்.

எண்ணெய் போலியாக இருந்தால் தோட்டம் முழுக்க ஒரே மாதிரிதானே இருக்கும்? ஒரே டிரம்மில் கலந்தது ஒரு மூலையில் இலையை எரித்து, இன்னொரு மூலையில் பூச்சியைத் தொடக்கூட இல்லை. அப்படியென்றால் எண்ணெய் ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"எந்தத் தண்ணியில கலக்குனீங்க?"

"ஒரு அண்டா காய்ச்சி ஊத்துனேனுங்க. அப்பத்தான எண்ணெய் நல்லாக் கரையும்?"

இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. எண்ணெய் தண்ணீரில் கரையாது. சுடுதண்ணீரிலும் கரையாது. நாம் செய்வதெல்லாம் அதைப் பொடிப்பொடித் துளிகளாக உடைத்துத் தண்ணீருக்குள் மிதக்க விடுவதுதான். அந்தத் துளிகளைச் சேரவிடாமல் காவல் நிற்பது எமல்சிஃபையர். அதன் ஒரு முனை எண்ணெய்க்குள் நிற்கும், மறு முனை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயும் தண்ணீரும் தொடும் அந்த எல்லையில் அது நிற்கும் வரைக்கும்தான் டிரம்மில் இருப்பது மருந்து.

சூட்டில் என்ன ஆகிறது என்பது அது எந்த ஜாதி எமல்சிஃபையர் என்பதைப் பொறுத்தது. எண்ணெய்ப் பாத்திரம் சுடுதண்ணீரில் சுலபமாகக் கழுவப்படுவதைப் பார்த்துப் பழகிய நம் ஆட்கள் தோட்டத்துக்கும் அதே கணக்கைப் போடுகிறார்கள். கட்டிச் சோப்பைப் பொறுத்தவரை அது பாதி சரி. குளிர்ந்த தண்ணீரில் சோப்புச் சீவல் கரையாமல் கிடக்கும், வெதுவெதுப்பானால் கரையும். ஆனால் மருந்து இலையில் பிடிக்கக் கடையில் வாங்கிச் சேர்க்கும் ஒட்டும் திரவத்திலும் எமல்சிஃபையரிலும் பெரும்பாலும் இருப்பது மின்னூட்டம் இல்லாத வகை, சோப்புக்கு நேர் எதிர். விளக்கெண்ணெயிலிருந்து செய்வதுகூட இந்த வகையில் உண்டு. இதன் முனை தண்ணீரை லேசாகத்தான் பற்றிக்கொண்டிருக்கும், சூடு ஏற ஏற அந்தப் பிடி விட்டுப்போகும். தண்ணீரை விட்டு எண்ணெய்க்குள் இறங்கிவிடும். காவல் போனால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மேலே ஏடு கட்டும்.

இந்தத் தலைகீழ் மாற்றம் நடக்கும் வெப்பநிலையை 1960-களிலேயே ஜப்பானிய வேதியியலாளர் கோசோ ஷினோடா ஆராய்ந்து எழுதிவிட்டார். விவசாயியை ஏமாற்றுவதும் இதே இடம்தான். அந்த வெப்பநிலையை நெருங்கும்போது எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையேயுள்ள இழுவிசை அடியோடு குறைந்துவிடும். ஒரு கலக்குக் கலக்கினாலே பால் மாதிரி வெள்ளையாகிவிடும். "பாருங்க சார், சுடுதண்ணியில எப்படிக் கலங்குது!" என்பார்கள். கலங்குவது உண்மை. ஆனால் அந்தச் சூட்டில் துளிகள் எவ்வளவு சுலபமாக உடைகிறதோ அவ்வளவு சுலபமாக மறுபடி சேர்ந்தும் விடும். அந்த அண்ணன் கலக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். திரும்பி வந்து மேலாக மொண்டு ஊற்றிய முதல் டேங்கில் போனது எண்ணெய் ஏடு. அடுத்தடுத்த டேங்கில் வெறும் தண்ணீர். கைத்தெளிப்பானுக்குள்ளேயே பிரிந்தால் கதை தலைகீழ்: உறிஞ்சுவது அடியிலிருந்து என்பதால் முதலில் தண்ணீர் போகும், கடைசி வரிசை கருகும்.

நம்பாதவர்களுக்கு நான் காட்டுவது இரண்டு கண்ணாடி பாட்டில். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் கை பொறுக்காத சூட்டில் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு எண்ணெய், ஒரே அளவு ஒட்டும் திரவம். குலுக்கி வைத்துவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் போதும். சூடான பாட்டிலின் கழுத்தில் மஞ்சளாக ஒரு வளையம் ஏறி நிற்கும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். மார்கழியில் வேப்ப எண்ணெய் கேனுக்குள் கெட்டியாகி ஊற்ற வராது. அப்போது சுடுதண்ணீர் உதவியது. அதையே பங்குனி வெயிலிலும் தொடர்கிறார்கள். எண்ணெய் உறைந்திருந்தால் கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வையுங்கள், இளகிவிடும். கேனை அடுப்பில் ஏற்றாதீர்கள். வேப்ப எண்ணெயில் பூச்சியைக் கட்டுப்படுத்தும் பொருளான அசாடிராக்டினே சூட்டில் சிதைந்துவிடும்.

கலக்கும் தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கட்டும். மாடியில் உள்ள கறுப்புத் தொட்டித் தண்ணீர் மத்தியானத்தில் சுடுதண்ணீர்தான், அதுவும் வேண்டாம். முதலில் எண்ணெயில் ஒட்டும் திரவத்தை நன்றாகக் கலந்துகொண்டு, அப்புறம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அடியுங்கள். டிரம்மை நிழலில் வையுங்கள். கலக்கியதை உடனே அடித்து முடியுங்கள், மொள்ளும்போதெல்லாம் குச்சியால் கலக்குங்கள். அடிப்பது சாயந்திரம், காற்று அடங்கின பிறகு. அதே டிரம்மில் சல்பேட் உரத்தையும் போட்டு ஒரே வேலையாக முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள்; அந்த உரமும் ஒரு உப்புதான், உப்பு சேர்ந்தால் இன்னும் குறைந்த சூட்டிலேயே எமல்சிஃபையர் கைவிட்டுவிடும். சோப்புத்தான் போடுவேன் என்பவர்கள் சோப்பை மட்டும் தனியாக வெந்நீரில் கரைத்து ஆறவைத்துச் சேருங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் அந்தச் சோப்பு திரிந்து நாசிலை அடைக்கும். மழைத் தண்ணீரோ நல்ல கிணற்றுத் தண்ணீரோ பாருங்கள்.

கருகிய கொடிக்கு அந்த அண்ணன் அன்றைக்கே வேறு மருந்து அடிக்கக் கிளம்பினார். கையைப் பிடித்து நிறுத்தினேன். எண்ணெய் படிந்த இலைமேல் இன்னொன்றை அடித்தால் மிச்சமும் போய்விடும். தண்ணீர் மட்டும் விட்டுப் புதுத் தளிர் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். உள் வரிசை அசுவினிக்கு வெள்ளிக்கிழமை சாயந்திரம் அடிக்கப் போகிறார். கலக்கும்போது பக்கத்தில் நிற்க நானும் போகிறேன்.